காலையிலகூட நல்லாத்தானே பேசினாரு

இல்ல தம்பி, கோவமெல்லாம் இல்ல. உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேணாம், அதோட பின்னங்கால் ஆடும், இதுல உக்காருங்க. நீங்க கேட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. பாக்குறவங்க எல்லாரும் கேக்குறதுதான். வெண்ணாரை பொழைக்குமா, பொழைக்காதா. பால் போடுறவரு கேக்குறாரு. பல் டாக்டர் கேக்குறாரு, அதுவும் எப்போ, என் வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுட்டு. நான் என்னத்த பதில் சொல்றது, ஆ ஆன்னேன். அதையே பதிலா எடுத்துக்கிட்டு, அப்போ பொழைச்சிடும்கிறீங்கன்னு அந்த மனுஷன் சந்தோஷப்பட்டுக்கிட்டாரு.

மறுபடி சொல்லுங்க, சரியா காதுல வாங்கல. பெரிய அரங்கம் வாடகைக்கு எடுத்திருக்கீங்க. கடைசி எபிசோட ரசிகர்கள் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்குறீங்க. நல்லது. அதுக்கு முன்னாடி நான் மேடைக்கு வரணும். வந்து? வணக்கம் சொல்லணும், சரி. அப்புறம்?

ம்.

ட்ரெய்லர்ல வர்ற அந்தச் சத்தத்த நேர்ல ஒரு தடவ செஞ்சு காட்டணும். விளக்கெல்லாம் அணைச்சுட்டு. ம். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வந்திருக்கீங்க.

டீ குடிப்பீங்கல்ல? சர்க்கரை நிறையவா? இருங்க, அடுப்புல வெக்கிறேன். நீங்க பேசுங்க, நானும் இங்கிருந்தே பேசுறேன். கேக்கும். கேக்க வெக்கிறதுதானே என் தொழிலே.

உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா, அந்தத் தொடர நான் ஒழுங்கா உக்காந்து பாத்ததே இல்ல. நிஜமாத்தான். பூமி அழிஞ்சிடுச்சு, மிச்சமிருக்குற ஜனங்கள ஏத்திக்கிட்டு வெண்ணாரைன்னு ஒரு கப்பல் வானத்துல போய்க்கிட்டே இருக்கு, அந்தக் கப்பலுக்கு வாய் உண்டு, அந்த வாய் நான். எனக்குத் தெரிஞ்ச கதை அவ்வளவுதான். கேப்டனா நடிக்கிறவர நான் நேர்ல பாத்தது ஒரே ஒரு விழாவுல. அவருகிட்டப் போய் நான்தான் உங்க கப்பல்னு சொன்னேன். மனுஷன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, சாப்டீங்களான்னு கேட்டுட்டுப் போய்ட்டாரு. வருஷக்கணக்கா ஏறி உக்காந்திருந்தது என் மேல. சாப்டீங்களான்னு கேக்குறாரு.

மத்தபடி என் பொழப்பு லிஃப்டு, பேங்க் போன், ரயில்வே ஸ்டேஷன். கதவு மூடுகிறதுன்னு சொல்றது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு சொல்றது. நானே போன் பண்ணி நானே காத்திருக்கச் சொல்லி காத்திருந்திருக்கேன். எரிச்சல் வரும் பாருங்க, யார்மேலன்னு தெரியாம.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கிற விஷயம்தான்.

ட்ரெய்லரா? கேட்டேன் தம்பி. கேக்காம எங்க போறது? தெருவுல நடந்தா கேக்குது. கப்பல் ரெண்டா பொளந்து தீப்பிடிக்குது, திரை கறுப்பாயிடுது, அப்புறம் அந்தச் சத்தம். ஒரு மூச்சு. இல்லையேன்னு ஒரு குரல். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம், காலையிலகூட நல்லாத்தானே பேசினாரு. அவ்வளவுதான், அதோட முடிஞ்சிருது. இத வெச்சுக்கிட்டு நீங்கல்லாம் பண்ற ஆராய்ச்சி இருக்கே! எங்க பாப்பா படிச்சுக் காட்டுவா. ஆமா, என் பொண்ணு. மருந்துக் கடையில வேலை பாக்குறா, உங்க ரசிகர் குரூப்புலதான் இருக்கா, மூணாம் என்ஜின்னு பேரு வெச்சுக்கிட்டு. இருபத்தஞ்சு வயசு. மூணாம் என்ஜின். என்னத்த சொல்றது.

விண்வெளியில ஏது காலை, அதனால கப்பல் ஏதோ ஒரு கிரகத்துல பத்திரமா இறங்கியிருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அது நீங்கதானா? ஓ. நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. பேசினாருன்னா யாரு, முதல் கேப்டன்தான், அப்போ அவரு சாகலன்னு இன்னொருத்தர். இல்லையேன்னு சொன்னப்புறம் ஒரு இடைவெளி வருதே, அது கப்பலோட ஞாபகமெல்லாம் வேற ஒரு பெட்டிக்கு மாறுற நேரம்னு ஒரு அம்மா படம் போட்டு விளக்கியிருக்காங்க. அதுல பச்சையா ஒரு கோடு, சிவப்பா ஒரு கோடு. இன்னொரு புண்ணியவான் அந்த மூச்ச மட்டும் தனியா வெட்டி எடுத்து, மெதுவா ஓட்டி, மறுபடி ஓட்டி, கப்பல் மனுஷியா மாறிடுச்சுங்கிறாரு. ஏன்னா வெண்ணாரை அதுவரைக்கும் மூச்சே விட்டதில்லையாம்.

அது உண்மைதான். அத மட்டும் சரியாப் புடிச்சிருக்காரு.

இந்தாங்க, பாத்துப் புடிங்க, சூடு. முதல் நாளே டைரக்டர் சொன்ன சட்டம் அது. அக்கா, கப்பல் மூச்சு விடாது. கப்பலுக்கு நெஞ்சு கிடையாது, நுரையீரல் கிடையாது. நீங்க மூச்சு இழுக்குறது ஒரு இம்மி கேட்டாலும் ஜனங்க நம்ப மாட்டாங்க. அப்போ அவரு சின்ன ஆளு, சட்டைய உள்ள விட்டா பாதி வெளிய தொங்கும், ஆனா சொல்றதுல தெளிவு. நான் பழகிக்கிட்டேன். மைக்கிலிருந்து முகத்த அப்படித் திருப்பி, வாய அகலமாத் திறந்து, சத்தமே வராம மூச்சு எடுக்கணும். இப்படி. கேட்டுச்சா? கேக்கலல்ல? கழுத்து வலி வந்து கட்டில்ல படுத்ததுதான் மிச்சம். வீட்ல சொன்னேன், மூச்சு விடாமப் பேசச் சொல்றாங்கன்னு. எங்க வீட்டுக்காரரு, அதுக்காடி சம்பளம் குடுக்குறாங்க, இங்க தினம் சும்மாவே பேசிக்கிட்டிருக்கியேன்னாரு.

தையல் மிஷின் ரிப்பேர் பண்ணுவாரு. சின்னக் கடை. கை பூரா எண்ணெய். உங்க எல்லாருக்கும் முன்னாடி வெண்ணாரைக்கு முதல் ரசிகர் அவருதான். பாப்பாவும் அவரும் சேர்ந்துதான் பாப்பாங்க. அவரு கண்ண மூடிக்கிட்டுப் பாப்பாரு. ஏம்ப்பா தூங்குறன்னு அவ கிள்ளுவா. தூங்கல, மிஷின் ஓடுறத காதாலதான் பாக்கணும்னு சொல்வாரு. ஊசி சரியில்லாத மிஷின அவரு சத்தத்துலயே கண்டுபுடிச்சிருவாரு, அந்தப் பழக்கம். அப்புறம் என்கிட்ட வந்து, இன்னைக்கு நாலாவது சீன்ல உனக்கு சளின்னு சொல்வாரு. இருந்திருக்கும். கேக்குற காது.

இப்போ இல்ல. போய் நாளாச்சு. பரவால்ல, நீங்க குடிங்க.

கடைசி சீசனுக்குக் கூப்பிட்டாங்க, போனேன். கதைய முழுசா குடுக்க மாட்டாங்க தம்பி, துண்டு துண்டாத்தான் குடுப்பாங்க, யாரும் வெளிய சொல்லிடக் கூடாதுன்னு. எந்தத் துண்டு முதல்ல, எது கடைசின்னு எனக்கே தெரியாது. ஒரு நாள் டைரக்டர் உள்ள வந்து பக்கத்துல உக்காந்தாரு. இப்போ அவருக்கு முன்மண்டை வழுக்கை, சட்டையெல்லாம் ஒழுங்கா இருக்கு. அக்கா, இன்னைக்கு மூச்சு விடலாம்னாரு. எனக்குப் புரியல. கப்பல் உடையுது, உடையிறப்போ முதல் தடவையா அதுக்கு வலிக்குது, மனுஷங்க மாதிரி ஒரு சத்தம் வேணும்னாரு.

செஞ்சேன். வரல. மறுபடி செஞ்சேன். நல்லா இருக்குக்கா, ஆனா நடிக்கிறீங்கன்னாரு. நடிக்கத்தானேய்யா கூப்பிட்டீங்கன்னேன். சிரிச்சாரு. மத்தியானம் வரைக்கும் பண்ணிப் பாத்தோம். ஒப்பாரி மாதிரி வருது, இல்லன்னா லிஃப்டு மாதிரி வருது. கடைசியில டைரக்டரும் சவுண்டு தம்பியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைய ஒண்ணா வெச்சு என்னமோ பேசுனாங்க. சவுண்டு தம்பி தலைய ஆட்டி வேணாம் வேணாம்கிறாப்ல. எனக்குக் கேக்காதே, கண்ணாடி. அப்புறம் டைரக்டர் ஹெட்போன்ல, நீங்க கிளம்புங்கக்கா, நாங்க பாத்துக்குறோம்னாரு. எனக்கு அவமானமாப் போச்சு. வயசாயிடுச்சு, குரல் போயிடுச்சு, வேற ஆள வெச்சு முடிச்சிருவாங்கன்னு நினைச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன்.

அப்புறம்தான் ட்ரெய்லர் வந்துச்சு. பாப்பா வேலையிலிருந்து ஓடி வந்தா, செருப்பக்கூட கழட்டல. நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். அம்மா, நீ ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல, இந்த மாதிரி பண்ணியிருக்கன்னு சொல்லலியேம்மான்னு சொல்லிக்கிட்டே போன என் காதுல வெச்சா. கையெல்லாம் சோப்பு எனக்கு. கேட்டேன். அப்படியே கீழ உக்காந்துட்டேன், ஈரத்துல. அவ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறா. இத்தனை வருஷத்துல நீ பண்ணுனதுலயே இதுதாம்மா உச்சம்கிறா. பெருமை தாங்கல அவளுக்கு. நானும் தலைய ஆட்டுனேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

மறுநாள் காலையில ஸ்டுடியோவுக்குப் போய் நின்னேன். என் சத்தத்தக் குடுத்துருங்கன்னேன்.

ஏன்னா, அது நடிப்பு இல்ல தம்பி. அது எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு எனக்குச் சொன்னப்போ நான் போட்ட சத்தம்.

டீய கீழ வெச்சுக்குங்க. மேல சிந்திக்கப் போறீங்க.

நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். பயமில்ல, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரோட அக்கா, என் நாத்தனார், கூட இருந்தாங்க. பாப்பா காலேஜுல, வெளியூர் ஹாஸ்டல். எனக்கு ரெக்கார்டிங் இருந்துச்சு. போகவான்னு கேட்டேன், போடி, இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போறன்னாரு. காலையில ஸ்டுடியோ வாசல்ல நிக்கிறப்போ போன் பண்ணாரு. கடைச் சாவி எந்த டப்பாவுலன்னு கேட்டாரு. பச்சை மிஷின் குடுத்த அம்மா வந்தா, அடுத்த வாரம் வரச் சொல்லுன்னாரு. ஆஸ்பத்திரியில குடுத்த தலையணை கல்லு மாதிரி இருக்கு, வரும்போது வீட்டுத் தலையணையக் கொண்டாந்துருன்னாரு. நல்லாத்தான் பேசினாரு. நான் போன வெளிய குடுத்துட்டு உள்ள போனேன். மைக் ரூமுக்குள்ள போன் கூடாது.

அன்னைக்கு சீன்கூட ஒண்ணும் பெருசா இல்ல. தண்ணித் தொட்டியில கசிவுன்னு கப்பல் சொல்லணும். மூணாவது தொட்டியில் கசிவு, பயப்பட வேண்டாம். அவ்வளவுதான் வசனம். சொன்னேன். இன்னொரு தடவ சொல்லுங்கக்கான்னாரு டைரக்டர். சொன்னேன். இன்னும் ஒரு தடவன்னாரு. அடுத்த சீனையும் முடிச்சிரலாம்னாரு. முடிச்சேன். அப்புறமும் ஒண்ணு. நாத்தனார் பின்னாடி கேட்டாங்க, ஏன் அவ்வளவு லேட்டா வந்த, நான் எப்பவோ போன் பண்ணிச் சொல்லிட்டேனேன்னு. எனக்கு அப்பவே விளங்கிடுச்சு. சேதி வந்தப்புறம்தான் எனக்கு அந்த மிச்ச சீனெல்லாம் குடுத்திருக்காரு. நான் போனா உடனே திரும்பி வர மாட்டேன்ல, வேலை நின்னுடும்ல.

அதையும் மன்னிச்சேன். சொல்ல தைரியம் வரல, பாவம், சின்னப் பையன், தள்ளிப் போட்டிருக்கான்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

எல்லாம் முடிஞ்சப்புறம் ஹெட்போன்லதான் சொன்னாரு. ஒரு கதவத் திறந்து உள்ள வந்து சொல்லியிருக்கலாம். வரல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு, அவரு போய்ட்டாருக்கான்னாரு. ஹெட்போன்ல சொன்னா எப்படி இருக்கும் தெரியுமா? காதுக்குப் பக்கத்துலகூட இல்ல, மண்டைக்குள்ள இருந்து யாரோ சொல்ற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல. நான் என்ன சொன்னேன், அழுதேனா, கத்துனேனா, ஒண்ணும் தெரியாது. அவருதான் தன்னோட கார்ல கூட்டிட்டுப் போனாரு. வழியெல்லாம் அழுதாரு. நான்தான் அவரு தோளத் தட்டி, ரோட்டப் பாத்து ஓட்டுங்கன்னேன்.

அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு இத்தனை வருஷம் கழிச்சு ட்ரெய்லரக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன் தம்பி. பாத்திரம் தேய்க்கிற இடத்துல.

ஸ்டுடியோவுல? உக்கார வெச்சாங்க, தண்ணி குடுத்தாங்க. டைரக்டர் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அக்கா, அத விட உண்மையான சத்தம் உலகத்துலயே கிடையாது, மாமாவுக்கு நாங்க செய்யிற மரியாதைன்னு நினைச்சுக்குங்கன்னாரு. மாமாவாம். ஒரு நாளும் அவரப் பாத்ததில்ல. அந்த ரூமுக்குள்ள பதிவாகுற எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம்னு நான் சேர்ந்த அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கேனாம். இருமல், தும்மல் எல்லாம் சேத்துத்தானாம். சவுண்டு தம்பி சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு.

சரி, இருக்கட்டும், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கன்னேன். வேலையெல்லாம் முடிஞ்சப்புறம்தானே என்கிட்ட சொன்னீங்க. அப்போ அந்த ரெக்கார்டிங் ஏன் ஓடிக்கிட்டிருந்துச்சு? மறந்துட்டீங்களா, இல்ல விட்டு வெச்சீங்களா?

டைரக்டர் சவுண்டு தம்பியப் பாத்தாரு. சவுண்டு தம்பி டைரக்டரப் பாத்தாரு. அதெல்லாம் இப்ப எதுக்குக்கான்னாரு.

மறந்துட்டோம்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல தம்பி? நான் எடுத்துக்கிட்டிருப்பேன். இதுவரைக்கும் அவ்வளவையும் எடுத்துக்கிட்டவதானே.

எந்திரிச்சு வந்துட்டேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தாரு, எனக்கு ஆறுதல் சொல்றாராம். மெதுவா, யாருக்கும் கேக்காம, கவலைப்படாதீங்கக்கா, கப்பல் சாகாது, பத்து நிமிஷத்துல திரும்ப எந்திரிச்சிரும், அடுத்து சினிமாவா எடுக்குறோம்னாரு. ஆமா தம்பி. பொழைச்சுக்கும். நீங்க எழுதின அந்தக் கிரகமெல்லாம் இல்ல, யாரோ ஒரு வயரக் கோத்து விடுறாங்களாம், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு போனதுக்கு நான் போட்ட சத்தத்தப் போட்டு உங்களையெல்லாம் அழ வெப்பாங்க, அப்புறம் கப்பல் கண்ண முழிக்கும், நீங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவீங்க. தட்டுங்க. அது உங்க தப்பு இல்ல. போய் உங்க குரூப்புல சொல்லிக்குங்க, எனக்கென்ன, என்மேல கேஸ் போடட்டும்.

இல்ல, அழாதீங்க. எனக்கு ஆம்பளைங்க அழறதப் பாத்தாலே இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. முகத்தத் துடைச்சுக்கிட்டு எந்திரிங்க. கீழ உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கா.

யாரா? நீங்க வந்தப்பவே ஜன்னல்ல பாத்துட்டேன் தம்பி. பாப்பா ஸ்கூட்டர் எனக்குத் தெரியாதா? மரத்துக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டக் கழட்டாம நின்னா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிருக்கா. தானே கேட்டா நான் முடியாதும்பேன், வெளியாள் வந்து கேட்டா மறுக்க மாட்டேன்னு அவளுக்குக் கணக்கு. அம்மாவ மேடையில ஏத்தி எல்லாரும் பாக்கணும்னு ஆசை. பாவம், அதுல என்ன தப்பு இருக்கு.

அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு அவ ஹாஸ்டல்லல்ல இருந்தா. பேசினாருங்கிறது யாருன்னு அவளும்தான் உங்ககூட உக்காந்து விடிய விடிய சண்டை போடுறா. அந்தச் சத்தத்தத்தான் அவ போன்ல வெச்சிருக்கா. நான் கூப்பிட்டா அதுதான் அடிக்கும். சாப்டியான்னு கேக்கக்கூட நான் இப்போ அவளுக்குப் போன் பண்றதில்ல.

நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. என்ன சொன்னாங்கன்னு கேட்டா, அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம், மேடைக்கெல்லாம் வர முடியாதாம்னு சொல்லுங்க. நம்பிடுவா.